குடியேற்றம் பற்றிய கருத்துக் கணிப்பை வாசிப்பது எப்படி: பிரிட்டனை முன்வைத்து ஒரு வழிகாட்டி

பிரிட்டன் மக்களில் பாதிப்பேருக்கு மேல் குடியேற்றத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்ற செய்தி ஆண்டுக்குப் பலமுறை வெளியாகிறது. லண்டனிலோ லெஸ்டரிலோ பிள்ளைகள் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கும், பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் வீடுகளுக்கும் அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்து சேரும்போது, இனி அங்கே நம்மவர்களுக்கு இடமில்லை என்று ஒரு சாராரும், இதெல்லாம் தேர்தல் நேரத்துப் பேச்சு என்று மற்றொரு சாராரும் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரே ஒரு சதவீதத்தை வைத்து இந்த இரண்டில் எதையும் சொல்லிவிட முடியாது. எத்தனை பேர் வரலாம், வருபவர் வேலை செய்து வரி கட்டுகிறாரா, அவருக்கு அரசின் உதவித்தொகை எப்போது கிடைக்க வேண்டும் என்ற மூன்று வெவ்வேறு கேள்விகள் அந்தச் சதவீதத்துக்குள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கும் வழியை இங்கே விளக்குகிறேன். பெரும்பாலும் பிரிட்டனையே எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். தேவைப்படும் இடத்தில் கனடாவும் அமெரிக்காவும் வரும்.

அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்

செய்தித் தலைப்பை நம்பி வாசிப்பைத் தொடங்க வேண்டாம். பிரிட்டனில் கருத்துக் கணிப்பு நிறுவனங்களுக்கென 2004இல் அமைக்கப்பட்ட பிரிட்டிஷ் போலிங் கவுன்சிலில் உறுப்பினராக உள்ள நிறுவனங்கள், தாம் வெளியிடும் கணிப்பின் முழு அட்டவணையையும் கேள்வியின் சரியான வாசகத்தையும் பொதுவில் வைக்கக் கடமைப்பட்டவை. யூகவ், இப்சோஸ் போன்ற நிறுவனங்களின் தளங்களில் அந்த அட்டவணை பிடிஎஃப் கோப்பாகவோ எக்செல் கோப்பாகவோ கிடைக்கும்.

கோப்பைத் திறந்ததும் முதலில் தெரிவது வயது, பாலினம், வட்டாரம், கடந்த தேர்தலில் வாக்களித்த கட்சி என்று நீளும் பத்திகள். அவற்றின் தலைப்பில் எத்தனை பேரிடம் கேட்கப்பட்டது என்ற எண் இரண்டு விதமாக இருக்கும்: ஒன்று உண்மையில் பதில் சொன்னவர்களின் எண்ணிக்கை, மற்றது மக்கள்தொகையின் விகிதத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட எண்ணிக்கை. மொத்தம் 1000 பேரிடம் கேட்டிருந்தால் முடிவு ஏறத்தாழ 3 புள்ளிகள் மேலோ கீழோ இருக்கலாம். ஆனால் 18 முதல் 24 வயது வரையிலானோர் என்ற பத்தியில் 100 பேர்தான் இருந்தால் அந்த வேறுபாடு 10 புள்ளிகள் வரை போகும். ‘இளைஞர்கள் மனம் மாறிவிட்டார்கள்’ என்ற வகைத் தலைப்புகளில் கணிசமானவை இத்தகைய சிறிய பத்திகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதால், அந்த எண்ணைப் பார்க்காமல் அவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அடுத்துப் பதில்களின் வரிசையைப் பாருங்கள். மிகவும் குறைக்க வேண்டும், ஓரளவு குறைக்க வேண்டும், இப்படியே இருக்கட்டும், ஓரளவு கூட்டலாம், மிகவும் கூட்டலாம், தெரியாது என்பவையே வழக்கமான பதில்கள். தலைப்பில் வரும் ‘குறைக்கச் சொல்கிறார்கள்’ என்பது முதல் இரண்டையும் கூட்டிய தொகை. எல்லையை மூடு என்பவரும் கொஞ்சம் மட்டுப்படுத்தினால் போதும் என்பவரும் அதில் ஒரே கணக்கில் வந்துவிடுகிறார்கள்.

எதைக் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள்

குடியேற்றத்தைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார் என்பது ஒன்று. அதை எவ்வளவு பெரிய பிரச்சினையாகக் கருதுகிறார் என்பது வேறொன்று. இரண்டாவதை அளக்க, இப்சோஸ் 1974 முதல் ஒரு கேள்வியைக் கேட்டு வருகிறது: நாட்டின் முன்னுள்ள முக்கியமான பிரச்சினைகள் எவை என்று கேட்டுவிட்டு, பட்டியல் எதையும் நீட்டாமல், மக்கள் தாமாகச் சொல்வதைப் பதிவு செய்கிறது. 2015 செப்டம்பரில், ஐரோப்பாவின் அகதி நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, பாதிக்கும் மேற்பட்டோர் குடியேற்றத்தைச் சொன்னார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதென்று 2016 ஜூனில் வாக்களித்த பிறகு அது சரிந்து, 2019 இறுதியில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானோரே அதைக் குறிப்பிட்டார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் வெளிநாட்டினர் வருகை நின்றுவிடவில்லை. ஐரோப்பியர் வருகை குறைந்தது, மற்ற நாட்டினர் வருகை கூடியது. கட்டுப்பாடு தங்கள் கைக்கு வந்துவிட்டது என்ற எண்ணமே அந்தத் தணிவுக்குப் பெரும் காரணம் என்று நான் கருதுகிறேன். 2025இல் குடியேற்றம் மீண்டும் அந்தப் பட்டியலின் தலைக்கு வந்தது.

முதல் வகைக் கேள்வியும் இதே போக்கில் நகர்ந்திருக்கிறது. குடியேற்றம் பற்றி ஆராயும் பிரிட்டிஷ் ஃபியூச்சர் அமைப்புக்காக இப்சோஸ் நடத்தும் தொடர் கணிப்பில் மொத்த எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னவர்கள் 2015இல் 67 சதவீதம், 2022இல் 42 சதவீதம், 2024இல் 55 சதவீதம். 2023 ஜூனில் முடிந்த ஓராண்டில், வந்தவர்களிலிருந்து வெளியேறியவர்களைக் கழித்த நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியதும், ஆங்கிலக் கால்வாயைச் சிறு படகுகளில் கடந்து வருவோரின் படங்கள் நாள்தோறும் தொலைக்காட்சியில் வந்ததும் இந்த ஏற்றத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

இத்தகைய ஏற்ற இறக்கம் பிரிட்டனுக்கு மட்டும் உரியதல்ல. அரசு ஒரு திசையில் அதிகம் போனால் மக்கள் கருத்து எதிர்த் திசையில் நகரும் என்பதை அரசியல் அறிஞர் கிறிஸ்டோபர் வ்லேசியன் 1995இல் தெர்மோஸ்டாட் கருவியை ஒப்புமை காட்டி விளக்கினார். அறை சூடேறினால் குளிரச் செய்வதும் குளிர்ந்தால் சூடாக்குவதும் அந்தக் கருவியின் வேலை. அமெரிக்காவில் கேலப் நிறுவனத்தின் கணிப்பில் குடியேற்றத்தைக் குறைக்கச் சொன்னவர்கள் 2024இல் 55 சதவீதமாக இருந்து, டிரம்ப் அரசு நாடுகடத்தலைத் தீவிரப்படுத்திய 2025இல் 30 சதவீதமாக இறங்கினார்கள். கனடாவில் இதற்கு நேர்மாறு. எல்லாக் கட்சிகளும் குடியேற்றத்தை வரவேற்ற நாடு என்று பெயர் பெற்றிருந்த அங்கே, என்விரோனிக்ஸ் நிறுவனத்தின் கணிப்பில் குடியேற்றம் மிக அதிகம் என்றவர்கள் 2022இல் 27 சதவீதம், 2023இல் 44 சதவீதம், 2024இல் 58 சதவீதம். அவர்கள் சொன்ன காரணங்களில் வீட்டு வாடகையும் வீட்டு விலையும் முன்னணியில் இருந்தன. டொராண்டோவில் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் தமிழர்களில் பலரே இதை ஒப்புக்கொள்வார்கள். 2024 அக்டோபரில் கனடா அரசு 2025ஆம் ஆண்டுக்கான நிரந்தர வதிவிட இலக்கை 3,95,000 ஆகக் குறைத்தது.

ஆகவே ஒரு சதவீதத்தைப் பார்த்தால் அதன் தேதியையும், அந்தத் தேதியில் ஆட்சியிலிருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டு அதே நிறுவனம் அதே வாசகத்தில் கேட்டதோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

மனத்தில் இருந்தவர் யார்

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் குடியேற்ற ஆய்வகம் 2011இல், குடியேறிகள் என்றால் யாரை நினைக்கிறீர்கள் என்று கேட்டது. புகலிடம் கோருவோர் என்றவர்கள் 62 சதவீதம். மாணவர்கள் என்றவர்கள் 29 சதவீதம். 2009ஆம் ஆண்டின் அரசுக் கணக்கிலோ வந்தவர்களில் மாணவர்கள் 37 சதவீதம், புகலிடம் கோரியவர்கள் 4 சதவீதம். குறைக்க வேண்டும் என்று பதில் சொன்னவரின் மனக்கண்ணில் இருந்தவரும், அரசு அந்த எண்ணிக்கையைக் குறைக்கப் புறப்பட்டால் முதலில் பாதிக்கப்படுபவரும் ஒருவரல்ல.

தொழிலைச் சொல்லிக் கேட்கும் கேள்விகளைத் தேடிப் பாருங்கள். மருத்துவர், செவிலியர், முதியோர் பராமரிப்புப் பணியாளர் என்று தனித்தனியே கேட்கும்போது குறைக்கச் சொல்வோர் சிறுபான்மையாகிவிடுகிறார்கள். ஆனாலும் இந்த ஆதரவு விசாவாக மாறும் என்று எண்ணிவிடக் கூடாது. 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்குத் திறக்கப்பட்ட விசா வழியில், 2024 மார்ச்சில் குடும்பத்தினரை அழைத்துவரத் தடை வந்தது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. மக்கள் தொழில் வாரியாக ஒன்று சொல்கிறார்கள், அரசியல்வாதிகள் மொத்த எண்ணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாடு போக முகவரிடம் பணம் கட்டக் காத்திருப்பவர்கள் இந்த முரணைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

வேலையும் உதவித்தொகையும்

கணிப்புகளில் மிகத் தவறாக வாசிக்கப்படும் பகுதி இதுதான். குடியேறிகள் சில ஆண்டுகள் வரி கட்டிய பிறகே உதவித்தொகை பெறலாம் என்ற வாசகத்துக்குப் பெரும் ஆதரவு கிடைத்தது என்று செய்தி வந்தால், நடைமுறையில் உள்ள விதி என்ன என்பதை முதலில் பாருங்கள். பிரிட்டனுக்கு வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ போகிறவருக்கு அரசு நிதியுதவி கிடையாது என்ற நிபந்தனை விசாவோடு சேர்ந்தே வருகிறது. நிரந்தர வதிவிட உரிமை பெறும்வரை அவர் யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகையும், உள்ளாட்சி மன்றம் தரும் கவுன்சில் வீடும் கேட்க முடியாது. அந்த உரிமைக்கு வேலை விசாவில், 2025 நிலவரப்படி, வழக்கமாக 5 ஆண்டுகள். அதைப் பொதுவாக 10 ஆண்டுகளாக்கும் திட்டத்தை 2025 மே மாத வெள்ளை அறிக்கை முன்வைத்தது. சம்பளத்தில் வருமான வரியும் தேசியக் காப்பீட்டுத் தொகையும் பிடிப்பதோடு, மருத்துவச் சேவைக்கென வேலை விசாவில் ஆண்டுக்கு 1,035 பவுண்டு (2025 நிலவரப்படி) தனிக் கட்டணமும் உண்டு. மூன்று ஆண்டு விசாவென்றால் 3,105 பவுண்டை விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். சுகாதார, பராமரிப்பு விசாவில் போகிறவர்களுக்கு இதில் விலக்கு. ஆக, அந்தக் கணிப்பில் ஆம் என்றவர்களில் பலர், ஏற்கெனவே அமலில் இருக்கும் ஒன்றைப் புதிதாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

புகலிடம் கோருவோரின் நிலை வேறு. அவர்களுக்குத் தங்குமிடமும், சமைத்துக்கொள்ளும் இடத்தில் இருந்தால் வாரம் 49.18 பவுண்டும் (2025 நிலவரப்படி) தரப்படுகின்றன. உணவு தரும் விடுதியில் இருந்தால் அதில் சிறு பகுதியே. விண்ணப்பம் முடிவாகாமல் 12 மாதங்கள் கடந்து, தாமதத்துக்கு அவர் காரணமாகவும் இல்லாவிட்டால்தான் வேலை செய்ய அனுமதி கேட்கலாம். அப்போதும் குறிப்பிட்ட பட்டியலில் உள்ள வேலைகள் மட்டுமே. விடுதியில் சும்மா இருக்கிறார்கள் என்ற கோபத்தை அளக்கும் கேள்வி, இந்தத் தடையைச் சொல்லிவிட்டுக் கேட்கப்பட்டதா, சொல்லாமல் கேட்கப்பட்டதா என்பதைப் பாருங்கள்.

யாருக்கு உதவி செய்வது நியாயம் என்று ஐரோப்பியர் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதை ஆராய்ந்த விம் வான் ஓர்ஸ்கொட், நாடு எதுவானாலும் ஒரே வரிசை வருவதைக் கண்டார்: முதியோர் முதலிலும், அடுத்து நோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும், பிறகு வேலையற்றோரும், கடைசியில் குடியேறிகளும். தன் நிலைக்கு அவரே காரணமா, முன்பு பங்களித்திருக்கிறாரா, நம்மில் ஒருவரா என்பன போன்ற அளவுகோல்கள் அதன் பின்னே இருக்கின்றன. ஐரோப்பிய சமூகக் கணிப்பு 2008இலும் 2016இலும் குடியேறிகளுக்குச் சம உரிமை எப்போது தரலாம் என்று கேட்டு ஐந்து பதில்களைத் தந்தது: வந்தவுடன், ஓராண்டு வாழ்ந்த பிறகு, ஓராண்டாவது வேலை செய்து வரி கட்டிய பிறகு, குடியுரிமை பெற்ற பிறகு, ஒருபோதும் கூடாது. பல நாடுகளில் அதிகம் பேர் தேர்ந்தது நடுவில் இருந்த வேலையும் வரியும் என்ற பதிலையே. உழைத்தால் உரிமை என்ற இந்தக் கணக்கு, என் பார்வையில், வரலாமா கூடாதா என்ற கேள்வியைவிட மக்கள் மனத்தை நன்றாகக் காட்டுகிறது.

ஆனாலும் உழைப்பு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நம்மை நாமே தேற்றிக்கொள்ள வேண்டாம். தம் இனத்தவர், வேற்று இனத்தவர், ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள ஏழை நாட்டவர் என்று அதே கணிப்பு தனித்தனியே கேட்கும்போது பதில்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

சொல்லும் வரிசையும் தவறான கணக்கும்

அமெரிக்காவின் பொதுச் சமூகக் கணிப்பு 1980களிலிருந்து ஒரே கேள்வியை இரண்டு வாசகங்களில் கேட்டு வருகிறது. அரசின் நலத்திட்ட உதவியைக் குறிக்கும் வெல்ஃபேர் என்ற சொல்லை வைத்து அரசு செலவிடுவது போதவில்லையா என்று கேட்டால் நால்வரில் ஒருவர் அளவுக்கே ஆம் என்கிறார்கள். ஏழைகளுக்கான உதவி என்று கேட்டால் ஏறத்தாழ மூவரில் இருவர். கேள்வியின் வாசகம் கிடைக்காத கணிப்பை எச்சரிக்கையோடு அணுக வேண்டியது இதனால்தான்.

கேள்விகளின் வரிசையும் முடிவை மாற்றும். பொருளியலாளர் ஆல்பர்ட்டோ அலெசினாவும் உடன் ஆய்வாளர்களும் பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகளில் ஒரு பகுதியினரிடம் குடியேறிகளைப் பற்றி முதலில் கேட்டுவிட்டுப் பிறகு ஏழைகளுக்கான அரசு உதவியைப் பற்றிக் கேட்டார்கள். அப்படிக் கேட்கப்பட்டவர்களிடம் உதவித் திட்டங்களுக்கான ஆதரவே குறைந்தது. மக்கள் குடியேறிகளின் எண்ணிக்கையை மிகைப்படுத்தியே எண்ணுகிறார்கள் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. பிரிட்டனில் 2014இல் இப்சோஸ் கேட்டபோது மக்கள்தொகையில் 24 சதவீதம் குடியேறிகள் என்றார்கள்; உண்மை 13 சதவீதம். உதவித்தொகை மோசடியிலும் இப்படித்தான்: ஒவ்வொரு 100 பவுண்டிலும் 24 பவுண்டு ஏமாற்றிப் பெறப்படுகிறது என்று 2013இல் மக்கள் எண்ணினார்கள், அரசின் மதிப்பீடு 70 பென்ஸ், அதாவது 0.70 பவுண்டு.

சரியான எண்ணைச் சொன்னால் கருத்து மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அலெசினாவின் ஆய்வில் அந்த எண்களைக் காட்டியது பயன்படவில்லை. கடுமையாக உழைக்கும் ஒரு குடியேறியின் கதையைச் சொன்னதே சற்றுப் பயன்பட்டது.

பிறருக்கு அனுப்பும் முன்

இவ்வளவையும் பார்த்த பிறகு அந்தச் செய்தியைப் பகிர விரும்பினால், தலைப்பை வெட்டி ஒட்டாமல் இப்படி எழுதுங்கள்: ‘பிரிட்டனில் இப்சோஸ் 2024இல் எடுத்த கணிப்பில், குடியேறுவோரின் மொத்த எண்ணிக்கை ஓரளவோ மிகவுமோ குறைய வேண்டும் என்றவர்கள் 55 சதவீதம், இதே கேள்விக்கு 2022இல் 42 சதவீதம். தொழிலைச் சொல்லிக் கேட்டால் செவிலியரையும் மருத்துவரையும் குறைக்கச் சொல்பவர்கள் சிறுபான்மையே.’ நிறுவனம், ஆண்டு, கேள்வி, முந்தைய அளவு ஆகிய நான்கில் எது கிடைக்கவில்லையோ, அது கிடைக்கவில்லை என்பதையும் அதே செய்தியில் எழுதிவிடுங்கள்.