புல்லப் பத்தி பேசினா சனம் எழும்பிப் போகாம இருக்கணுமா?

புல்லு அறிவியல் பேசப்போறீங்கன்னா ஒளித்தொகுப்புல தொடங்காதீங்க, அங்கயே பாதிப்பேர் போனை எடுத்துருவாங்க. லயத்து (தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு) வாசல்லயே ரெண்டு பிளாஸ்டிக் போத்தல படுக்க வச்சு மேல்பக்கத்த வெட்டுங்க, ஒண்ணுல வெறும் மண்ணு, மத்ததுல வேரோட பேத்தெடுத்த புல்லு, மூடிய கழட்டி வாய்ப்பக்கம் கொஞ்சம் சரிச்சு, வாய்க்குக் கீழ ஆளுக்கொரு டம்ளர் வச்சு ரெண்டுக்கும் ஒரே அளவு தண்ணி ஊத்துங்க. ஒண்ணு பால்டீ மாதிரி கலங்கி வரும், மத்தது தெளிஞ்சு வரும். அந்த ரெண்டு டம்ளரையும் சனத்துக்கிட்ட குடுங்க, எதுவும் பேசாதீங்க, கேள்வி அவங்களே கேப்பாங்க.

அப்பறம் கதைக்கு வாங்க. பழைய தேயிலைய புடுங்கிட்டு, புதுசு நடுறதுக்கு முன்னாடி ஏன் 18 மாசம், 2 வருசம்னு குவாட்டமாலா புல்லு போடுறாங்க? நம்ம அம்மாமார் கையால நட்ட புல்லுதான், ஆனா அதோட வேரு மண்ண பொலபொலன்னு ஆக்குது, வெட்டிப்போட்டா மக்கி சத்தாகுதுன்னு யாரும் அவங்களுக்கு ஒக்காந்து சொன்னதில்ல. எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் இதுதான்.

மாட்டையும் விட்டுறாதீங்க. புல்லுல இருக்கிற நார உடைக்கிறது மாடு இல்ல, அதோட மொத வயித்துல இருக்கிற நுண்ணுயிருங்கதான்னு அசைபோடுற மாட்டுக்கு முன்னாடியே நின்னு சொல்லுங்க, புள்ளைக கண்ணு விரியும். அம்பேவெல மாட்டுப் பண்ணைக்கு டிரிப் போறப்ப சொன்னா இன்னும் நல்லா ஏறும்.