மாமரத்தடியில் என்ன செடி வைக்கலாம்? கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு ஒரு செய்முறை

வளர்ந்த மாமரமோ வேம்போ நிற்கும் வீட்டில் அதன் அடி பெரும்பாலும் வெறும் மண்ணாகவே கிடக்கும். நிழல்தான் காரணம் என்று நினைத்து நர்சரியில் நிழல் செடிகளாகப் பார்த்து வாங்கி வைப்பார்கள். சித்திரை வெயிலில் அவையும் வாடிவிடும். அங்கே வெயில் பற்றாக்குறையை விடத் தண்ணீர்ப் போட்டிதான் பெரிது. மரத்துக்கு நீர் உறிஞ்சித் தரும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் பரவியிருக்கும். ஆகவே நிழலையும் வறட்சியையும் சேர்த்துத் தாங்கும் செடிதான் நமக்கு வேண்டும்.

படி 1: தோண்டிப் பாருங்கள்

களைக்கொட்டால் அரையடி ஆழம் கிளறி, ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பாருங்கள். நூல் நூலாக வேர் பின்னிக்கிடந்தால் போட்டி கடுமையான இடம். விரல் பருமனில் வேர் தட்டுப்பட்டால் வெட்ட வேண்டாம். ஒரு சாண் தள்ளிக் குழி போடுங்கள். இதில் நான் கறார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது மாவட்டமெங்கும் பலாவும் முந்திரியும் சாய்ந்து கிடந்தன. புயல் வரும் ஊரில் மரத்தின் பிடிப்பை நம் கையாலேயே குறைக்கக் கூடாது.

படி 2: வெயில் விழும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

காலை எட்டு மணி, உச்சி, மாலை நாலு மணி என்று மூன்று வேளை பார்த்தால் போதும். காலை வெயில் படும் ஓரம் வேறு, நாள் முழுக்க நிழலான நடு வேறு.

படி 3: செடியைத் தேர்ந்தெடுங்கள்

நடுப்பகுதிக்கு மருள் (ஸ்நேக் பிளான்ட் வகை) நல்ல தேர்வு. நம் கடற்கரைக்கே உரிய செடி; தடித்த இலையில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். தேவனாம்பட்டினம் போன்ற மணற்பாங்கான இடங்களில் ஸ்பைடர் லில்லியும் வைக்கலாம். வெங்காயம் மாதிரி கிழங்கு உள்ளது, உப்புக்காற்றுக்கும் அசராது.

எனக்கு ரொம்பப் பிடித்தது மஞ்சள். ஆடியில் கிழங்கை ஊன்றினால் வடகிழக்குப் பருவமழையில் தழைத்துவிடும், தைப்பொங்கல் பானையில் கட்டக் கொத்தும் வீட்டிலேயே கிடைக்கும். அப்புறம் இலை பழுத்துக் காய்ந்துவிடும். கோடை முழுக்கக் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். மரம் தண்ணீருக்குத் தவிக்கும் மாதங்களில் இது போட்டிக்கே வராது. சேனைக்கும் இதே குணம்தான். ஆனால் மரத்தை ஒட்டி வைத்தால் கிழங்கு தோண்டும்போது வேர் அறுபடும், கொஞ்சம் தள்ளியே ஊன்றுங்கள்.

காலை வெயில் படும் ஓரத்தில் கனகாம்பரம், கற்பூரவள்ளி. குளியலறைத் தண்ணீர் ஓடி ஈரம் நிற்கிற பக்கம் இருந்தால் மட்டும் வல்லாரை, திப்பிலி. மல்லிகை, ரோஜா வேண்டாம். உயிரோடு இருக்கும், பூக்காது. மணி பிளான்ட் மரத்தில் ஏறி இலை பெருத்து அடிமரத்தையே மூடிவிடும், அதனால் நான் சிபாரிசு செய்வதில்லை. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் கலாடியத்தையும் தவிர்க்கலாம், இலையைக் கடித்தால் வாய் அரிக்கும்.

படி 4: நடுங்கள்

பெரிய தொட்டிச் செடி வாங்காதீர்கள். சின்னக் கன்றுக்குச் சின்னக் குழி போதும், வேருக்கும் சேதம் குறைவு. பாத்தி அழகாகத் தெரிய வேண்டும் என்று வண்டி மண் கொட்டி மரத்தடியை உயர்த்தவே கூடாது: வேருக்குக் காற்று போகாது, அடிமரமும் அழுகும். மட்கிய தொழுவுரம் குழிக்கு ஒரு பிடி போடுங்கள்.

நடுவதற்கு ஏற்ற காலம் ஆடி, ஆவணி. ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும்.

படி 5: மூடாக்கு போடுங்கள்

உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். மா இலை மெதுவாக மட்கும், அதுவே நல்லது. அடிமரத்திலிருந்து அரையடி விலகியே இருக்கட்டும், கரையானுக்கு இடம் தர வேண்டாம். பாம்பு பயம் உள்ள வீடுகளில் நடைபாதை ஓரம் மட்டும் சருகில்லாமல் பெருக்கி வையுங்கள்.

முதல் கோடைக்கு வாரம் இரண்டு முறை நன்றாக நனையும்படி தண்ணீர் விடுங்கள். தினமும் தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும், வேர் கீழே இறங்காது.