மாசி, பங்குனி வெயிலில் சிறு பிள்ளைகளை எப்போது வெளியே விடலாம்? நிழலை வைத்து ஒரு நேரக்கணக்கு

டிசம்பரிலும் ஜனவரியிலும் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்துவைத்த வடகிழக்குப் பருவமழை பிப்ரவரியில் ஓய்கிறது. சிங்கப்பூரில் ஆண்டிலேயே மழை குறைந்த மாதம் பிப்ரவரி. காலையில் காற்று வீசும், வானம் வெளுத்திருக்கும், விளையாட்டுத் திடல் காய்ந்து கிடக்கும். வடக்கே குளிர்நாடுகளில் வசந்தம் தொடங்கும் இதே நாள்களில்தான் நமக்குச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வெளிக்காற்றும் ஓட்டமும் அன்றாடம் வேண்டும். வெயிலுக்குப் பயந்து இரண்டு மாதம் கைப்பேசியோடு உட்காரவைக்க வேண்டியதில்லை. நேரத்தை மட்டும் சரியாகப் பிடித்தால் போதும்.

அதற்கு ஒரே விதி: பிள்ளையின் நிழல் பிள்ளையைவிட நீளமாக இருந்தால் வெளியே விளையாடலாம், குட்டையாகிவிட்டால் கூரைக்குக் கீழே வந்துவிட வேண்டும்.

நிழலும் உயரமும் சமமாக இருக்கும்போது சூரியன் 45 பாகை உயரத்தில் நிற்கிறது. அதற்கு மேலே ஏற ஏற, கதிர்கள் கடந்துவரும் காற்றின் தடிமன் குறையும். புற ஊதாக் கதிர் கூடும். மார்ச்சு நடுவில் சூரியன் ஏறக்குறைய 7.10க்கு உதித்து, கிட்டத்தட்ட செங்குத்தாக, மணிக்கு 15 பாகை வீதம் ஏறுகிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள பிள்ளையின் நிழல் 8.15க்கு மூன்றரை மீட்டருக்கும் மேல், 9.15க்கு 1.7 மீட்டர், 10.15க்கு அதே ஒரு மீட்டர். 11.15க்கு 60 சென்டிமீட்டருக்கும் கீழே போய்விடும். மாலையில் 4.15 அளவில்தான் நிழல் மறுபடி பிள்ளையின் உயரத்தை எட்டும். ஆக, காலை 10.15 வரையும் மாலை 4.15க்குப் பிறகும் திறந்தவெளி. இடையில் உள்ள ஆறு மணி நேரம் நிழல் அல்லது வீடு.

பலர் இங்கேதான் தவறுகிறார்கள். “உச்சிவெயில் பன்னிரண்டு மணி, இரண்டு மணிக்கு இறங்கிவிடும்” என்பது ஊரில் பழகிய கணக்கு. நம் கடிகாரமோ 1982 முதல் அனைத்துலக நேரத்துக்கு எட்டு மணி நேரம் முந்தி ஓடுகிறது. தீவு இருக்கும் இடத்தை வைத்துப் பார்த்தால் ஏழு மணி நேரமே சரி. அதனால் இங்கே உண்மையான உச்சி பிற்பகல் 1.10ஐ ஒட்டி வருகிறது. 2.30க்குச் சூரியன் இன்னும் 70 பாகையில் நிற்கும். தூங்கி எழுந்த பிள்ளையை மூன்று மணிக்குக் கீழே கூட்டிப்போவது ஏறக்குறைய நண்பகலில் கூட்டிப்போவதுதான்.

மேகம் மூடி நிழலே தெரியாத நாளில் கடிகாரத்தைப் பின்பற்றுங்கள். மெல்லிய மேகத்தைப் புற ஊதாக் கதிர் தாண்டி வரும். தேசியச் சுற்றுப்புற அமைப்பு பகல் முழுக்க மணிக்கொரு முறை புற ஊதாக் கதிர் குறியீட்டை வெளியிடுகிறது. 3ஐத் தொட்டால் தொப்பியும் சன்ஸ்கிரீனும் தேவை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நண்பகலில் அது 11ஐத் தாண்டும் நாள்கள் உண்டு. ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடமோ பணிப்பெண்ணிடமோ எண்ணைச் சொல்வதைவிட, “நிழல் அவனைவிடக் குட்டையானால் மேலே கூட்டி வந்துடுங்கம்மா” என்று சொல்வது எளிது. நான்கு வயதுப் பிள்ளையே இதைப் பார்த்துச் சொல்லும். “பாட்டி, என் நிழல் சின்னதாயிடுச்சு” என்று அதுவே அழைத்தால், வீடு திரும்பும் நேரத்தில் அழுகையும் குறையும்.

காலை நேரம்

8 மணிக்குக் கீழே இறங்கி 9.30க்குத் திரும்புவது மிக நல்லது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு முக்கால் மணி நேரம் போதும். ஐந்து வயதுக்கு ஒன்றரை மணி நேரம். இறங்குமுன் ஓர் இட்லி, அல்லது பாதி வாழைப்பழமும் கொஞ்சம் பாலும். வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்து உடனே ஓடவிட்டால் வாந்தி எடுக்கும். வெறும் வயிற்றோடு விட்டால் அரை மணியில் சிணுங்கத் தொடங்கும்.

தண்ணீரைப் பிள்ளை கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. விளையாட்டு மும்முரத்தில் சிறு பிள்ளைகளுக்குத் தாகம் தெரியாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி 50 முதல் 100 மில்லிலிட்டர் குடிக்க வையுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு 400 மில்லிலிட்டர் புட்டி ஒன்று சரியாக இருக்கும். ஐஸ் மைலோவும் பொட்டலப் பானங்களும் தண்ணீருக்கு ஈடாகாது; சர்க்கரை தாகத்தைக் கூட்டுகிறது, பசியைக் கெடுக்கிறது. வீட்டுக்கு வந்ததும் ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு நீர்மோர் கொடுக்கலாம்: 200 மில்லிலிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி தயிர், விரல்நுனியில் ஒட்டும் அளவு உப்பு. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தண்ணீரே வேண்டாம். தாய்ப்பாலையோ பால்மாவுப் பாலையோ அடிக்கடி கொடுங்கள். போதுமா என்பதைச் சிறுநீர் சொல்லிவிடும். வெளிர்மஞ்சள் நல்லது. அடர்மஞ்சளாக இருந்தாலோ ஆறு மணி நேரம் டயப்பர் நனையாமல் இருந்தாலோ நீர் போதவில்லை.

9 மணிக்கு முன்பே வீடு திரும்பும் பிள்ளைக்குச் சன்ஸ்கிரீன் தேவைப்படாது. அதற்கு மேல் வெளியே இருந்தால் எஸ்பிஎஃப் 30 அல்லது கூடுதலானதை 15 நிமிடம் முன்பே பூசுங்கள். முகம், கழுத்து, காது மூன்றுக்கும் சேர்த்து அரைத் தேக்கரண்டி. பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தேய்த்தால் பாதிப் பாதுகாப்புகூடக் கிடைக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீரில் விளையாடி எழுந்ததும் மறுபடி பூச வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பூசாமல் நிழலிலேயே வைத்திருங்கள். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும்: “வெயிலில் போனால் கறுத்துப் போய்விடுவாய்” என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். நிறம் கெட்டுவிடும் என்பதற்காக இந்தக் கவனம் இல்லை. கறுத்த தோலுக்குச் சற்றுக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. கண்ணுக்கும் உடல்சூட்டுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. காரணத்தைச் சரியாகச் சொன்னால் பிள்ளை தன் நிறத்தின் மேல் வெறுப்பில்லாமல் வளரும்.

தள்ளுவண்டியின் மேல் துணியையோ துண்டையோ போர்த்தவே கூடாது. நிழல் கிடைத்தாலும் காற்று நின்று, உள்ளே நிமிடத்துக்கு நிமிடம் சூடு ஏறும். வண்டியின் மேற்கூரையைச் சூரியன் பக்கம் இழுத்து, முன்பக்கத்தைத் திறந்தே வையுங்கள்.

எந்தத் திடல், எந்த நேரம்

மார்ச்சு நடுவில் சூரியன் நேர்கிழக்கில் உதித்து நேர்மேற்கில் மறைகிறது. காலையில் கட்டடத்தின் நிழல் மேற்கே விழும், மாலையில் கிழக்கே விழும். 14 மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் ஏறக்குறைய 40 மீட்டர் உயரம்; மாலை 5.15க்கு அதன் நிழல் 65 முதல் 70 மீட்டர் வரை நீளும். புளோக்குக்குக் கிழக்கே இருக்கும் திடல் மாலைக்கு, மேற்கே இருப்பது காலைக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். எல்லா புளோக்கும் ஒரே திசையில் நிற்பதில்லை. அகலமான முகம் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து நிழலின் அகலம் மாறும். ஒரே ஒருநாள் 8.30க்கும் 5.15க்கும் சன்னலிலிருந்து கீழே பார்த்துக் குறித்துவைத்தால் அந்தப் பருவம் முழுக்க உதவும்.

திடலின் இரப்பர் தரையும் சறுக்குமரமும் வெயில் போன பிறகும் வெகுநேரம் சூட்டை விடாது. பிள்ளையை ஏற்றுமுன் உங்கள் புறங்கையைச் சறுக்கில் ஐந்து விநாடி வையுங்கள். வைத்திருக்க முடியாவிட்டால் பிள்ளையின் தொடை வெந்துவிடும். 4.15க்குக் கீழே இறங்கினால் முதல் அரை மணியை மரத்தடியிலும் புல்லிலும் கழித்துவிட்டுப் பிறகு திடலுக்குப் போவது நல்லது.

மரத்தடியில் பார்க்க இந்தப் பருவத்தில் நிறைய இருக்கிறது. நாட்டு வாதுமையின் இலை செம்பழுப்பாகி உதிர்வதைப் பார்க்கலாம். உலர்நாள்களுக்குப் பின் ஒரு மழை பெய்தால், மார்ச்சு, ஏப்ரலில் சாலையோர டிரம்பெட் மரங்கள் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூத்துக் கொட்டும். மஞ்சாடி மரத்தடியில் சிவப்பு விதைகள் கிடக்கும். இங்கே சாகா விதை என்பார்கள். பிள்ளைகளுக்கு அதைப் பொறுக்குவதில் அலுப்பே வராது. மூன்று வயதுக்குக் கீழே என்றால் கையில் கொடுக்காதீர்கள். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்ளும், தொண்டையில் சிக்கும். விதை முழுக்கச் சிவப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கறுப்புக் கண் உள்ளது குன்றிமணி. மென்றுவிட்டால் கொடிய நஞ்சு. பூங்காவில் பொறுக்கியதை எண்ணி விளையாடிவிட்டு அங்கேயே விட்டுவர வேண்டும்.

பூமலையில் (சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில்) உள்ள ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் கட்டணமில்லாதது, நிழல் நிறைந்தது, திங்கட்கிழமை மூடியிருக்கும். மார்ச்சு பள்ளி விடுமுறை வாரத்தில் பத்து மணிக்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிடும், எட்டரைக்குள் போய்விடுங்கள்.

நடுவில் உள்ள ஆறு மணி நேரம்

இதில் தூக்கம் இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். மேற்கு பார்த்த அறையாக இருந்தால் இரண்டு மணிக்கே திரையை இழுத்துவிடுங்கள். சூடு ஏறியபின் மூடுவதில் பயன் குறைவு. பிறகு வட்டார நூலகம் போகலாம். குளிரூட்டிக்கு ஒரு மெல்லிய மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வையில் நனைந்த பனியனோடு உள்ளே கூட்டிப்போகாமல், நுழையுமுன் கழிப்பறையில் மாற்றிவிடுங்கள்.

வீட்டிலேயே தண்ணீர் விளையாட்டு என்றால், குளியலறைத் தரையில் அகன்ற பாத்திரம், ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர், இரண்டு மூன்று கரண்டி, ஒரு வடிகட்டி. கைக்கு எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். இந்த ஆழத்திலும் குழந்தை மூழ்கும். முடிந்ததும் தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தைத் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். 20 காசு நாணயம் அளவு தேங்கிய தண்ணீரிலும் ஏடிஸ் கொசு முட்டையிடும்; ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும்.

வியர்க்குரு வந்திருந்தால் பவுடர் போடாதீர்கள். வியர்வைக் குழாய் அடைபட்டதுதான் வியர்க்குரு. பவுடர் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி இன்னும் அடைக்கும், மூச்சிலும் போகும். அந்த இடத்தில் எண்ணெயும் அதையே செய்கிறது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் பழக்கமுள்ள வீட்டில், குரு ஆறும்வரை தலைக்கு மட்டும் வைத்து, முதுகையும் கழுத்தையும் விட்டுவிடுங்கள். வெறும் தண்ணீரில் குளிப்பாட்டி, ஒற்றியெடுத்து, தளர்ந்த பருத்திச் சட்டை போட்டு மின்விசிறிக் காற்றில் விட்டால் இரண்டு மூன்று நாளில் அடங்கும்.

மார்ச்சு 23ஐ ஒட்டிய நாள்களில், வானம் தெளிவாக இருந்தால், பிற்பகல் 1.10க்குத் தொப்பியோடு ஐந்து நிமிடம் மட்டும் கீழே போகலாம். 30 சென்டிமீட்டர் அடிக்கோலை நேராக நிறுத்துங்கள். நிழல் காணாமல் போயிருக்கும். விடுமுறை வாரத்திலேயே செய்தால் இரண்டு சென்டிமீட்டர்தான் தெரியும். அதே அடிக்கோலை 5.15க்கு நிறுத்தினால் நிழல் அரை மீட்டரைத் தாண்டும். நிழல் விதி ஏன் என்று பிள்ளைக்கு அதைவிட நன்றாக விளக்க முடியாது.

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு

பராமரிப்பு நிலையத்திலிருந்து 6.30க்குக் கூட்டி வருபவர்களுக்கு வெளிச்சம் முக்கால் மணி நேரமே இருக்கிறது, சூரியன் 7.15ஐத் தாண்டி மறையும். வீட்டுக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு இறங்கலாம் என்றால் பெரும்பாலும் இறங்கமாட்டீர்கள். நேரே திடலுக்குப் போங்கள். அலுவலகப் பையில் தண்ணீர்ப் புட்டி, ஈரத்துண்டு, மாற்றுச் சட்டை, கொசு விரட்டி நான்கும் இருந்தால் போதும். விளையாடியபின் கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவ வேண்டும். கை, கால், வாய்ப் புண் நோயைப் பரப்பும் கிருமிகளை ஆல்கஹால் கைத்தூய்மி சரியாகக் கொல்வதில்லை.

வெயிலில் இருந்த பிள்ளை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், உடல் நெருப்பாகக் கொதித்து வாந்தி எடுத்தால் அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். காய்ச்சல் மருந்து இதற்கு வேலை செய்யாது. மயங்கிய பிள்ளைக்கு வாயில் எதுவும் கொடுக்காதீர்கள்.

மார்ச்சு இறுதியில் காற்று ஓய்ந்து, பிற்பகல் இடிமழை தொடங்கிவிடும். இடி காதில் விழுந்த உடனே புளோக்கின் கீழ்த்தளத்துக்குள் வந்துவிடுங்கள். மரத்தடியிலும் குடையடியிலும் நிற்க வேண்டாம். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுத்துத்தான் திடலுக்குத் திரும்பலாம். அந்த வாரங்களில் மாலையை நம்பித் திட்டமிடாதீர்கள். இரவுத் தூக்கத்தை அரை மணி முன்னே தள்ளி, காலை 7.30க்கே இறங்கிவிடுங்கள்.