விரல் அசைக்க முடியாதவர்களுக்கு ஐந்து சுர வாத்தியம்

முக்கியமாக வேண்டியவை: மேக்கி மேக்கி பலகை (மின்சாரம் கடத்தும் பொருளைத் தொட்டால் கணினியின் விசையை அழுத்தியதாக மாற்றும் சிறு மின்னணுப் பலகை), கணினி, ஸ்கிராட்ச் (கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் மென்பொருள்). பலகையில் நான்கு அம்புக்குறிகளும் ஸ்பேஸும் சேர்ந்து ஐந்து விசைகள். ஸ்கிராட்சில் அவற்றுக்கு மோகன ராகத்தின் 60, 62, 64, 67, 69 என்ற சுர எண்களைக் கொடுங்கள். எந்த வரிசையில் தட்டினாலும் காதுக்கு இதமாகவே இருக்கும்.

உள்ளங்கை அகல அட்டைகளில் அலுமினியம் ஃபாயில் ஒட்டி, ஒவ்வொன்றையும் அலிகேட்டர் கிளிப் வயரால் ஒரு விசையுடன் இணையுங்கள். ஃபாயில்கள் உரசினால் இரண்டு சுரம் சேர்ந்து ஒலிக்கும், இடைவெளி விடுங்கள். பலகையின் எர்த் வயர் வாசிப்பவரின் உடலைத் தொட்டால்தான் மின்சுற்று முழுமையாகும். ஆனால் அதைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், அதுவே ஒரு கையை முடக்கிவிடும். உட்புறம் ஃபாயில் வைத்த துணிப்பட்டையை மணிக்கட்டில் தளர்வாகக் கட்டி, எர்த் வயரை அந்த ஃபாயிலில் மாட்டுங்கள். தோல் வறண்டு சத்தம் வராவிட்டால் ஈரத்துணியால் லேசாகத் துடைக்கலாம்.

பெரும்பாலும் தொல்லை தருவது கை நடுக்கம். ஒரு தட்டல் நான்காகக் கேட்கும். கை அட்டையிலேயே தங்கினாலும் சுரம் திரும்பத் திரும்ப வரும். சுரம் ஒலிக்கும் கட்டளைக்குக் கீழே "விசை விடுபடும் வரை காத்திரு", அதன்கீழ் "0.2 நொடி காத்திரு" என்று சேருங்கள். அந்த வரிசை முடியும்வரை அதே விசையின் மறுதட்டல்களை ஸ்கிராட்ச் கண்டுகொள்ளாது. நடுக்கம் அதிகமென்றால் 0.4 வரை கூட்டலாம். அதற்குமேல் போனால் வேகமான தாளம் தப்பும். வாசிப்பவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

தலையாலோ முழங்காலாலோ அழுத்தும் 3.5 மி.மீ. ஜாக் (ஹெட்ஃபோன் முள் போன்றது) ஸ்விட்ச் இருந்தால் இன்னும் நல்லது: ஜாக்கின் நுனியை விசைக்கும் அடிப்பகுதியை எர்த்துக்கும் கொடுங்கள். மணிக்கட்டுப் பட்டையே தேவையில்லை.

புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். ஒலி தாமதமாக வரும். வயர் ஸ்பீக்கரே சரி.