பாரிசவாதத்துக்குப் பிறகு வாசிப்பும் எழுத்தும்: வீட்டில் எப்படித் தொடங்குவது?

பாரிசவாதம் வந்தவருக்குக் கை கால் இழுத்துக்கொண்டால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வாசிக்க வராமல் போனால் பல கிழமைகளுக்கு யாருக்கும் தெரியாது. பேப்பரை வாங்குவார், புரட்டுவார், மடித்து வைத்துவிடுவார். களைப்பு என்று நாமும் விட்டுவிடுவோம்.

விஷயம் தெரிந்ததும் பலர் ஓடிப்போய் அரிச்சுவடி வாங்கி வந்து 'அ, ஆ' என்று தொடங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அவர் குழந்தையாகிவிடவில்லை. கண், கவனம், எழுத்தை அடையாளம் காண்பது, பொருள் பிடிப்பது என்று பல வேலைகள் கூடித்தான் வாசிப்பு நடக்கிறது. எது கெட்டது என்று பார்த்துவிட்டே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: நேற்றுவரை வாசித்தவருக்கு இன்று திடீரென்று வாசிக்க முடியவில்லை, வாய் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது என்றால் உடனே 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். பயிற்சியெல்லாம் பிறகு.

படி 1: முதலில் கண்

கண்ணாடி போட்டிருக்கிறாரா? சிரிக்காதீர்கள், வார்டில் கண்ணாடி தொலைவது சாதாரணம். அப்புறம், பாரிசவாதத்தில் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கப் பார்வை போய்விடலாம். வலப்பக்கம் போனவருக்கு அடுத்து வரும் எழுத்து தெரியாது, தடுக்கித் தடுக்கி வாசிப்பார். இடப்பக்கம் போனவர் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடித் திண்டாடுவார். புதுக் கண்ணாடி இதைச் சரியாக்காது. கடைக்குப் போகுமுன் கண் கிளினிக்கில் பார்வைப் புலப் பரிசோதனை கேளுங்கள், எந்தப் பக்கம் எவ்வளவு தெரிகிறது என்று அதில் பார்ப்பார்கள்.

படி 2: ஒரு தாள், ஒரு பேனை

கொப்பித் தாளில் பெரிதாக எழுதுங்கள்: அவருடைய பெயர், 'வெள்ளவத்தை', 'கொடு', 'மேடை', அவர் வழமையாக ஏறும் பஸ்ஸின் இலக்கம். வாசிக்கச் சொல்லுங்கள். திருத்தாமல், வாயில் வருவதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

'வத்தை' என்றும் 'காடு' என்றும் வாசித்தால், இடப்பக்கத்தைக் கவனிக்காமல் விடுகிறாரோ என்று சந்தேகியுங்கள். மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்டவர்களிடம் இது அதிகம். நம் எழுத்தில் கொம்பு இடப்பக்கம் நிற்கிறது. அது தவறிப்போனால் 'கொ' 'கா'வாகும், 'மேடை' 'மடை'யாகும். தான் எதையோ விடுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். சாப்பாட்டுக் கோப்பையையும் பாருங்கள், இடப்பக்கச் சோறு மீந்திருக்கும்.

'வெ... ள்... ள...' என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக் கடைசியில் சொல்லைப் பிடித்தால் அது வேறு வகை. இவர்களில் சிலர் சொன்னதைச் சரளமாக எழுதுவார்கள், கொஞ்ச நேரம் கழித்துத் தாங்கள் எழுதியதையே வாசிக்க முடியாமல் விழிப்பார்கள். பிரெஞ்சு நரம்பியல் வைத்தியர் டெஜெரின் 1892இல் இப்படி ஒருவரை விவரித்திருக்கிறார். கண் பார்த்த எழுத்து மூளையின் மொழிப் பகுதிக்குப் போகும் பாதை அறுந்திருக்கிறது, எழுதும் பாதை தப்பியிருக்கிறது. 'நடிக்கிறார்' என்று வீட்டில் கோபப்படுவது பெரும்பாலும் இவர்களிடம்தான், பாவம்.

'மேடை'யைப் பார்த்து 'கூட்டம்' என்று சொல்கிறார், கதைப்பதும் தடுமாறுகிறது என்றால் பிரச்சினை மொழியிலேயே இருக்கலாம். இதை வீட்டில் மட்டும் வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

வலக்கை முடங்கி இடக்கையால் கிறுக்குகிறாரா? போனில் தட்டச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையில்லாமல் வந்தால் குறை கையில்தான். சொந்தப் பெயரை வைத்து முடிவெடுக்க வேண்டாம், அது பழக்கத்தில் வந்துவிடும்.

கொழும்புக்காரர் பலர் வீட்டில் தமிழ், வேலையில் இங்கிலீஷ், ரோட்டில் சிங்களம் என்று வாழ்ந்தவர்கள். தெரிந்த எல்லா மொழியிலும் சோதியுங்கள். ஒன்று மற்றதைவிட நன்றாகத் தப்பியிருக்கலாம். அதிலேயே தொடங்குங்கள்.

படி 3: பயிற்சி

காலையில், களைப்பில்லாத நேரத்தில், பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ரேடியோவை நிறுத்திவிடுங்கள்.

இடப்பக்கத்தை விடுபவருக்குப் பக்கத்தின் இட ஓரத்தில் சிவப்பில் தடித்த கோடு போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் முதலில் விரல் அந்தக் கோட்டைத் தொட வேண்டும், பிறகுதான் வாசிப்பு. ஒரு பக்கப் பார்வை போனவருக்கு வரியின் கீழ் அடிமட்டம் வையுங்கள், சொல்லின் கடைசி எழுத்துவரை கண்ணைக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

எழுத்துக் கூட்டுபவர் விரலால் உள்ளங்கையில் எழுத்தை வரைந்து பார்க்கட்டும். கண்ணுக்குப் பிடிபடாதது கைக்குப் பிடிபடும். ஒரே சின்னப் பத்தியைச் சத்தமாகத் திரும்பத் திரும்ப வாசிப்பதும் உதவும். அது சரளமான பின் அடுத்த பத்தி. பத்தியை அவர் விரும்பிப் படித்த பக்கத்திலிருந்து எடுங்கள், கிரிக்கெட்டோ மரண அறிவித்தலோ எதுவானாலும் சரி.

எழுதுவதற்கு: தேவையான சில சொற்கள் மட்டும். பார்த்து எழுதட்டும், மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதட்டும், திறந்து ஒப்பிடட்டும்.

படி 4: சிகிச்சையாளர்

கிளினிக் வைத்தியரிடம் பேச்சு மொழிச் சிகிச்சைக்குக் கடிதம் கேளுங்கள். பேச்சு நன்றாக இருந்தாலும் வாசிப்பு, எழுத்து அவர்களுடைய வேலைதான். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் இருக்கிறாரா என்று முதலிலேயே விசாரியுங்கள். இல்லாவிட்டால் சிங்களமும் தமிழும் தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும். நீங்கள் குறித்த தாளையும் கொண்டுபோங்கள்.

படி 5: அதுவரைக்கும்

மருந்துப் பையில் எழுதியிருப்பதை அவர் வாசிப்பார் என்று நம்ப வேண்டாம். காலை, மதியம், இரவு என்று நிறம் பிரித்த பெட்டியில் போட்டு வையுங்கள். செய்திக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பலாம். கூகுள் விசைப்பலகை தமிழில் சொல்வதை எழுதித் தரும். கையெழுத்து மாறியிருந்தால் காசோலை திரும்பி வருவதற்கு முன் அவரையே வங்கிக்குக் கூட்டிப்போய், மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பிக்க என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அடையாள அட்டையை மறக்காதீர்கள்.