ஃபேஸ்புக்கில் பெயர் மாற்றுவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்

எங்கள் வள்ளியூர் அத்தையின் பெயர் சௌந்தரவல்லி. பேரன் லீவுக்கு வந்திருந்தபோது அவசர அவசரமாக அவருக்கு ஒரு ஃபேஸ்புக் கணக்கு தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான், இங்கிலீஷில் "சௌந்தர் வி" என்று. படத்துக்குக் கொல்லைப்புறத்துச் செம்பருத்தி. அப்புறம் என்ன, முகம் தெரியாத பையன்கள் எல்லாம் "ஹாய் ப்ரோ" என்று மெசேஜ் அனுப்ப, அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார். "எய்யா, இந்தப் பேர மாத்திக் கொடுத்துட்டுப் போ." சரி, இரண்டு நிமிட வேலைதானே என்று உட்கார்ந்தேன். முடிய இரண்டு மாதம் ஆனது. தப்பு முழுக்க என் விரலுடையது, அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் வழி. ஃபேஸ்புக் ஆப்பில் மூன்று கோடு போட்ட மெனுவைத் தொட்டு, செட்டிங்ஸ் அண்ட் பிரைவசி, அதற்குள் செட்டிங்ஸ். மேலேயே அக்கவுண்ட்ஸ் சென்டர் என்று இருக்கும். அதில் ப்ரொஃபைல்ஸ் போனால் உங்கள் கணக்குகள் தெரியும். இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் இணைந்திருந்தால் இரண்டும் ஒரே படத்தோடு வரிசையாக நிற்கும், எதைத் தொடுகிறோம் என்று பார்த்துத் தொடுங்கள். உள்ளே நேம் என்பதைத் தொட்டால் மூன்று பெட்டிகள் வரும்: முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர். எழுதி, ரிவ்யூ சேஞ்ச் கொடுத்தால் பெயர் எப்படித் தெரியும் என்று காட்டும், பார்த்துவிட்டு சேவ் செய்ய வேண்டியதுதான். நடுவில் பாஸ்வேர்டு கேட்கலாம். அதை முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ளுங்கள், பேரனுக்கு ஃபோன் போட்டால் அவன் வகுப்பில் இருப்பான்.

இவ்வளவுதான் வழி. ஆனால் ஒருமுறை மாற்றிவிட்டால் அடுத்து 60 நாள் கழித்துத்தான் மறுபடி மாற்ற முடியும். அதனால்தான் தாளில் எழுதிப் பாருங்கள் என்கிறேன்.

நமக்கு நிஜமான தலைவலி அந்தப் பெட்டிகள். நம்மில் பலருக்குக் கடைசிப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்கப்புறம் மெல்ல மெல்ல நம் ஊரில் பெயர் என்றால் ஒரு இனிஷியலும் ஒரு பெயரும் என்றாகிவிட்டது. நல்ல விஷயம்தான், ஆனால் பெட்டி செய்தவர்களுக்கு அது தெரியாதே. ஒரு காலத்தில் இதற்கு ஒரு வித்தை ஊரெல்லாம் சுற்றியது: ஃபேஸ்புக்கின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு, கடைசிப் பெயரை அழித்துவிட்டு சேவ் செய்தால் ஒற்றைப் பெயர் நின்றுவிடும். தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாத வட இந்தியப் பையன்கள் இதற்காகவே ஃபேஸ்புக்கைத் தமிழுக்கு மாற்றி, வேலை முடிந்ததும் திரும்ப இங்கிலீஷுக்குப் போவார்கள். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். முயன்று பாருங்கள், நின்றால் சரி, நிற்காவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, உங்கள் பெயர் முதல் பெட்டியில், அப்பா அல்லது அம்மா பெயர் கடைசிப் பெட்டியில். இன்னொன்று, பெயரையே இரண்டாக உடைப்பது: சௌந்தர, வல்லி. நடுவில் ஒரு இடைவெளி விழும், பார்க்கக் கொஞ்சம் உறுத்தும், ஆனால் யாரும் தப்பாகக் கூப்பிட மாட்டார்கள். அத்தைக்கு நான் செய்தது இதுதான்.

இனிஷியலை முதல் பெட்டியில் போடாதீர்கள். போட்டு, அது ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டால் அப்புறம் ஒவ்வொரு நாளும் ஃபேஸ்புக் திறக்கும்போது "உங்கள் மனதில் என்ன, ச?" என்று உங்களைக் கேட்கும், ஏனென்றால் முதல் பெட்டியில் இருப்பதைத்தான் அது உங்கள் பெயர் என்று நினைத்துக் கூப்பிடும். இனிஷியல் வேண்டும் என்றால் கடைசிப் பெட்டிதான் அதற்கு இடம்.

தமிழில் எழுதுவதென்றால் முழுக்கத் தமிழிலேயே எழுதுங்கள். இங்கிலீஷ் இனிஷியல், தமிழ்ப் பெயர் என்று கலந்தால் ஒரே பெயரில் இரண்டு மொழி எழுத்து கூடாது என்பது ஃபேஸ்புக் விதி, திருப்பி அனுப்பிவிடும். நம் அரசே 2021-ல், தமிழில் பெயர் எழுதும்போது இனிஷியலும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறது. ஆக எஸ் என்று ஒலியைத் தமிழில் எழுதாமல், சண்முகம் என்றால் ச, செல்வம் என்றால் செ என்றே போட்டுவிடலாம். எனக்கு அது அழகாகவும் படுகிறது.

அப்படியே வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். எண், குறியீடு, ஸ்டைலான வளைந்த எழுத்து எதுவும் ஃபேஸ்புக்கில் போகாது. டாக்டர், அட்வகேட் மாதிரி பட்டமும் பெயரில் போடக் கூடாது. அந்த வளைந்த எழுத்துகள் எக்ஸ் தளத்திலும் இன்ஸ்டாவிலும் போகும்தான், ஆனால் அவை உண்மையில் எழுத்துகளே இல்லை, கணிதக் குறியீடுகள். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் உங்கள் பெயருக்குப் பதிலாக ஏதோ கணக்குப் பாடம் நடத்தும், இல்லையென்றால் தாண்டிப் போய்விடும்.

இப்போது என் விரல் செய்த தப்பு. அத்தையின் பெயரில் முதல் எழுத்து சௌ. நான் தட்டியது செ, பக்கத்தில் ள. திரையில் பார்த்தால் "செளந்தர", "சௌந்தர", இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் கணினிக்கு ஒன்று சௌ, இன்னொன்று "செ-ள". அத்தையோடு படித்த ஒரு அம்மா பெயரைத் தட்டித் தட்டித் தேடியிருக்கிறார், வரவே இல்லை. நான் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. நீங்களும் செய்து பாருங்கள்: சௌ எழுதிவிட்டு பேக்ஸ்பேஸ் ஒருமுறை தட்டுங்கள். செ மிஞ்சினால் நீங்கள் எழுதியது அனேகமாக ள. சரியான ௌ என்றால் பொதுவாகச் செ மிஞ்சாது. கௌரி, மௌனிகா, சௌமியா, கௌதம் எல்லோரும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீ வைத்த பெயர்களிலும் இதே வம்பு உண்டு, ஸ வைத்தும் எழுதலாம், ஶ வைத்தும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். நண்பர்கள் எதைத் தட்டுவார்களோ அதையே போடுங்கள், அனேகமாக அது ஸ.

60 நாள் காத்திருந்தோம். அத்தை நாள்காட்டியில் தேதியை வட்டம் போட்டு வைத்திருந்தார்.

காத்திருந்த நாட்களில் ஒரு நல்ல விஷயம் கற்றுக்கொண்டேன். ப்ரொஃபைலில் அபவுட் பகுதியில் அதர் நேம்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அங்கே செல்லப் பெயர், கல்யாணத்துக்கு முந்தைய பெயர், இங்கிலீஷ் எழுத்தில் பெயர் என்று சேர்க்கலாம், ப்ரொஃபைலின் மேலேயே தெரிய வேண்டுமா என்றும் தேர்ந்தெடுக்கலாம். தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள் இங்கிலீஷ் வடிவத்தை இங்கே போட்டுவிடுங்கள். தமிழ் கீபோர்டு இல்லாத பழைய நண்பர்களுக்கு அது ஒன்றுதான் பிடி. பெயரை மாற்றவே தயங்குபவர்களுக்கும் இது போதும்.

கணக்கில் என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாமா? ஏஞ்சல் பிரியா என்ற பெயரில் போலிக் கணக்குகள் வாழ்ந்த ஊர் இது, என்னை ஏன் கேட்கிறீர்கள். ஆனால் ஃபேஸ்புக் எதிர்பார்ப்பது, நிஜத்தில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்களோ அந்தப் பெயர். யாராவது புகார் கொடுத்தாலோ கணக்கு பூட்டிக்கொண்டாலோ அடையாள அட்டை கேட்பார்கள், அப்போது "தல வெறியன்" என்ற பெயருக்கு ஆதார் எங்கே போய் வாங்குவது? அடையாள அட்டைப் பெயரும் சில சமயம் காலை வாரும். 2011-ல் எழுத்தாளர் சல்மான் ருஷ்டியின் கணக்கை ஃபேஸ்புக் முடக்கி, பாஸ்போர்ட் கேட்டது. பாஸ்போர்ட்டில் அவர் பெயர் அகமது சல்மான் ருஷ்டி. உடனே கணக்கின் பெயரை அகமது ருஷ்டி என்று மாற்றிவிட்டார்கள். யாருமே அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் ட்விட்டரில் போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் சல்மான் திரும்பி வந்தார். நம் பாஸ்போர்ட்களில் அப்பா பெயர் எங்கெங்கோ உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அட்டையில் உள்ள பெயரில் ஒரு பகுதியாவது கணக்கில் இருக்கட்டும்.

மாற்றிய பிறகு பழைய பதிவு, பழைய கமெண்ட் எல்லாவற்றிலும் புதுப் பெயரே தெரியும். மாறாதது ஒன்று, ப்ரொஃபைல் லிங்க். அதில் யூசர்நேம் என்று தனியாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், பெயரை மாற்றினால் அது தானாக மாறாது, அதே அக்கவுண்ட்ஸ் சென்டரில் தனியாகப் போய் மாற்ற வேண்டும். விவாகரத்துக்கு அப்புறம் பெயர் மாற்றிய ஒரு தோழி இதைக் கவனிக்காமல் ரொம்ப நாள் பழைய பெயர் லிங்க்கையே எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, பெயரையும் படத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். "யார் இது, புதுசா இருக்கு" என்று சொந்தக்காரர்களே உங்களை நண்பர் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள். குடும்ப குரூப்பில் ஒரு வரி போட்டுவிட்டு மாற்றுங்கள். பெயர் மாற்றத்தை உறுதி செய்ய ஓடிபி சொல்லுங்கள் என்று யாராவது ஃபோன் செய்தால், பேசாமல் வைத்துவிடுங்கள்.

மற்ற இடங்கள் இவ்வளவு கஷ்டமில்லை. இன்ஸ்டாவில் எடிட் ப்ரொஃபைல் போய் மாற்றலாம், 14 நாளில் இரண்டு முறை. யூடியூபிலும் அதே 14 நாளில் இரண்டு முறை, ஆனால் சரிபார்ப்பு டிக் வாங்கிய சேனல் என்றால் பெயர் மாற்றினால் டிக் போய்விடும். எக்ஸில் 50 எழுத்து வரை, எப்போது வேண்டுமானாலும். நீல டிக் இருந்தால் சரிபார்த்து முடிக்கும் வரை கொஞ்ச நாள் மறையும். டெலிகிராமில் கடைசிப் பெயர் கட்டாயமே இல்லை, நமக்கென்றே செய்தது மாதிரி.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் போய் உங்கள் படத்தைத் தொட்டால் பெயர் வரும், 25 எழுத்து வரை போடலாம். ஆனால் அந்த 25 நாம் எண்ணும் 25 இல்லை. சௌந்தரவல்லி நம் கணக்கில் ஏழு எழுத்து. புள்ளி, கொம்பு எல்லாம் கணினிக்குத் தனித்தனி என்பதால், யூனிகோட் என்ற கணினி எழுத்து முறையில் அது 11. ஊர்ப் பெயரையும் சேர்த்தால் சீக்கிரமே இடம் தீர்ந்துவிடும்.

அத்தைக்கு வாட்ஸ்அப்பிலும் பெயரை மாற்றிக் கொடுத்தேன். உடனே என் ஃபோனை வாங்கிப் பார்த்தார். அதில் இன்னும் "வள்ளியூர் அத்தை புது நம்பர்" என்றே இருந்தது. "எய்யா, இதுல ஏன் மாறல?" வாட்ஸ்அப்பில் நாம் வைக்கும் பெயர் நம் நம்பரைச் சேமிக்காதவர்களுக்கு மட்டும்தான், சேமித்தவர்களுக்கு அவரவர் சேமித்த பெயர்தான் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நீ மாத்து" என்று ஃபோனை என் கையில் கொடுத்தார். காண்டாக்ட்டைத் திறந்தேன். இந்த முறை ௌ சரியாக விழுந்ததா என்று ஒருதடவை அழித்துப் பார்த்துவிட்டுத்தான் சேவ் செய்தேன்.