அரும்பில் நிற்கும் பிள்ளையை மொட்டுக்கு நகர்த்துவது எப்படி?

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்தபிறகு பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கும் அளவைப் பார்த்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (அடுத்த நிலை), மலர் (வகுப்புக்குரிய நிலை) என்று பிரிப்பது நம் தொடக்கப் பள்ளிகளில் பழகிவிட்டது. சரி, பிரித்த பிறகு? மூன்றாம் வகுப்பு எடுக்கிற நான் செய்வதைச் சொல்கிறேன்.

திட்டத்தின் கைபேசிச் செயலி காட்டும் நிலையோடு நிற்காதீர்கள். ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். படம், மரம் என்று தொடங்கி, காகம், பாடம் என்று போய், குடை, தும்பி, கொடி, கோழி வரை. பெரும்பாலும் இரண்டு இடத்தில் தடுக்கும். கு, சு, டு, து என்று உகர வரிசையில் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு விதமாக வளைகிறது; ஒன்று தெரிந்தால் அடுத்தது தானாக வராது. அப்புறம் கெ, கொ. கொம்பு கண்ணுக்கு முன்னால் வருகிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. தடுக்கிய எழுத்தைப் பெயருக்கு எதிரே குறியுங்கள். அந்தப் பிள்ளைக்கு இந்த வாரப் பாடம் அதுதான்.

கணக்குக்குத் தனியாகப் பிரியுங்கள். தமிழில் அரும்பாக இருப்பவள் கணக்கில் மலராக இருக்கலாம். 52-இல் 27 போனால் 35 என்று ஒருத்தி எழுதினால், ஒன்றாம் இடத்தில் 7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறாள். இதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுத்தால் பத்தும் தப்பாகத்தான் வரும். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்து, 2-இலிருந்து 7 எடுக்க முடியாதபோது ஒரு பத்துக் கட்டை அவளையே அவிழ்க்க விடுங்கள்.

கதையும் பாட்டும் எல்லோருக்கும் பொது. அந்த நேரத்தில் அரும்புப் பிள்ளையைத் தனியே இழுக்கக் கூடாது. மற்றவர்கள் பயிற்சிநூல் எழுதும்போது, ஒரே இடத்தில் தடுக்கும் நாலைந்து பேரோடு தரையில் உட்காருங்கள். இருபது நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி படிக்கச் சொல்லி, தேறியவரை உடனே மாற்றுங்கள். பருவம் முடியட்டும் என்று காத்திருப்பது எனக்குப் பிடிக்காது.

அப்படியும் நகராத ஓரிருவர் இருப்பார்கள். முதலில் கண், காது பரிசோதனை. பிறகு தனியாகப் பத்து நிமிடம். அதற்கும் அசையவில்லை என்றால் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிக்கிற, வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் பேசுங்கள். போகும்போது ‘படிக்கத் தெரியாது’ என்று எழுதிக் கொண்டுபோகாதீர்கள். ‘துணைக்கால் வரை தடையில்லை, கொ-வில் நிற்கிறான், சொன்னால் புரிந்துகொள்கிறான், பார்த்து எழுதும்போது எழுத்து விடுபடுகிறது’ என்று எழுதுங்கள்.